பதினேழாம் வளைவுக் கழுகு

"மூடுபனியில வர்ற ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடாதே..." என்று ஆரம்பிப்பார் என் பெரியப்பா. அதற்குப் பிறகு இன்னொன்று சொல்வார். அதுதான் மறந்துவிட்டது. "ஆள் கோவிச்சுக்குவான்" என்பாரா, "கிட்ட வந்ததும் பாத்துக்கலாம்" என்பாரா, நினைவில்லை. தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். ஒரு ஆடி மாதம், மூடுபனிக்குள் அசைந்து வந்த உருவத்தைப் பார்த்து, "ஏலே மாடசாமி, குடுத்த மருந்தைக் கீழே ஊத்திட்டு எங்கேலே சுத்துறே?" என்று சத்தம் போட்டிருக்கிறார். வந்தது தோட்டத்துத் துரை. அன்றையிலிருந்துதான் அந்தப் பேச்சு.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வால்பாறையில் ஏறி உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, நீங்கள் கேமராவைத் திருப்பி என் மூக்குக்கு நேரே நீட்டி, "சார், இது என்ன பறவை?" என்று கேட்டுவிட்டீர்கள். என் கழுத்தில் பைனாகுலர் தொங்குவதைப் பார்த்துக் கேட்டிருப்பீர்கள். தப்பில்லை. ஆனால் நான் இப்போதெல்லாம் சொல்வதில்லை. விட்டுவிட்டேன். மரத்து உச்சியில் இருக்கிற அந்தப் புள்ளியின் நெஞ்சு வெளுத்திருப்பதையும், பின்னந்தலையில் நாலு மயிர் நிமிர்ந்து நிற்பதையும் பார்த்தால் குடுமிப் பருந்து என்று சொல்லிவிடலாம். ஆனால் சொல்ல மாட்டேன்.

ஜன்னல் ஷட்டரைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். சாரல்தான், ஒன்றும் செய்யாது. பொள்ளாச்சி போக இரண்டரை மணி நேரம் இருக்கிறது. நாற்பது கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது எண் குறைந்துகொண்டே வரும். பதினேழு வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நான் இந்த மலையில் பிறந்தவன். ஐந்தாவது வரை தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தேன். அப்புறம் ஹாஸ்டல், இங்கிலீஷ், காலர் வைத்த சட்டை. கடைசியில் இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷம் எக்ஸ்ரே எடுத்தேன். எடுத்தேன் என்றால் எடுத்தது மட்டும்தான். படத்தைப் பார்த்து, இது இன்ன வியாதி என்று சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. அதைச் சொல்ல டாக்டர் வேறே. நோயாளி கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது தெரிகிறதா?" என்று கேட்பான். எனக்கு நன்றாகத் தெரியும். விலா எலும்பில் விரிசல் பளிச்சென்று தெரியும். "டாக்டர் சொல்வார்" என்பேன். பத்தொன்பது வருஷம் இந்த ஒரே வாக்கியம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மனுஷனுக்குள் எவ்வளவு சேர்ந்திருக்கும்.

நாற்பத்தேழு வயதில் ஊர் திரும்பினேன். என் மனைவி லில்லி புஷ்பம், அவளும் அங்கே நர்ஸாக இருந்தவள், திரும்பி வந்த மூன்றாம் மாதம் சொன்னாள்: "என்னங்க, அங்க இருக்கும்போது வாயே தெறக்க மாட்டீங்க. இங்க வந்ததிலேருந்து வேலியில காக்கா உக்காந்தாக்கூட அபிப்பிராயம் சொல்றீங்களே."

அது பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இங்கே பறவை பார்க்கிறவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். அறுபத்து மூன்று பேர். ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர், பேக்கரிக்காரர், கங்காணி, டீச்சர் என்று எல்லாரும் உண்டு. அவரவர் தூரத்தில் எடுத்த படத்தைப் போடுவார்கள். பெரும்பாலும் படம் என்பது பச்சை நிறத்தில் ஒரு புள்ளி. அதற்குப் பெயர் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை, இந்த மலையில் யார் எந்தப் பறவையை எங்கே பார்த்தார்கள் என்று ஒரு பட்டியல் அச்சடித்து, ஆகஸ்ட் பதினைந்து அன்று கொடுப்பார்கள். எது பட்டியலில் ஏறும், எது ஏறாது என்று முடிவு செய்ய ஓர் ஆள் வேண்டுமே. வெளிநாட்டில் படம் பார்த்தவர் என்று என்னைப் போட்டார்கள். நான் கேட்டு வாங்கவில்லை. ஒரே ஒரு முறைதான் போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்குப் போய்ப் பேசினேன்.

அப்புறம் பாருங்கள், என்னைப் பிடிக்க முடியவில்லை. காலையில் எழுந்ததும் தீர்ப்பு. "ஏற்கப்பட்டது." "மறுபரிசீலனைக்கு." "மன்னிக்கவும், இது தேங்காய் மட்டை." பேக்கரிக்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. உண்மைக்கு விலை உண்டு என்று இருந்துவிட்டேன்.

போன வருஷம் ஜூன் முதல் வாரம். இதே பேருந்து, இதே ஜன்னல் ஓர இருக்கை. பொள்ளாச்சிக்குப் பல் பிடுங்கப் போகிறேன். பதினேழாம் வளைவில் வண்டி திரும்பும்போது, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பாறை. பாறை மேலே கூனிக்கொண்டு ஒரு உருவம். பழுப்பு உடம்பு. தோளுக்குள் தலையை இழுத்துக்கொண்டு, ஒரு பக்கம் கூர்மையாக... எனக்குப் பல்வலி போய்விட்டது. ஓடுகிற வண்டியிலிருந்து பதினோரு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். பாறு. பிணந்தின்னிக் கழுகு. அதிலும் சாதாரணப் பாறு இல்லை, இமயமலைப் பாறு. வழி தப்பித் தெற்கே வருவது உண்டு, ஆனால் குளிர்காலத்தில்தான். ஜூன் மாதத்தில் வராது. ஜூனில் வராத பறவை ஜூனில் வந்திருக்கிறது என்றால், அது எப்பேர்ப்பட்ட செய்தி!

குழுவில் போட்டேன். "ஏற்கப்பட்டது" என்று நானே போட்டேன். வேறு யார் போடுவது?

லில்லி படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "இது எங்கியோ பாத்த மாதிரி இருக்குங்க" என்றாள்.

"எங்கே பாத்திருக்கப் போறே? இமயமலைக்கா போனே?"

"பறவையா பாத்த மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் மறுபடி பல்லுக்காகப் போனேன். அங்கேயே இருந்தது. அதற்கு அடுத்த வாரமும். "ஒரே இடத்தில் நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருப்பது இவ்வினத்தின் இயல்பு" என்று குழுவில் எழுதினேன். நாற்பத்திரண்டு பேர் கைதட்டல் போட்டார்கள்.

அப்போது இந்த வண்டியில் சேசடிமை என்று ஒரு கண்டக்டர். இப்போது டிக்கெட் கொடுக்கிறாரே, இவர் புதுசு. சேசடிமை குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர். முப்பத்தைந்து வயசு. அவருடைய அப்பா மீன் பிடிக்கிறவர். மகனுக்குக் கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி வந்துவிடும். பத்து தடவை ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் கடலே வேண்டாம் என்று கண்டக்டர் வேலைக்கு வந்து, இந்த மலையில் விழுந்தார். நாற்பது வளைவிலும் வராத வாந்தி அவருக்குக் கடலில் வருகிறது, பாருங்கள். "கடலுக்குப் பயந்து மலையேறுனவன்" என்று அப்பா ஊரெல்லாம் சொல்வாராம். மகன் லீவுக்குப் போனால், "ஏறிப் போனவன் எறங்கி வந்துட்டானா?" என்றுதான் கேட்பாராம்.

நல்ல மனுஷன். என் கழுகுமேல் அவருக்கு அத்தனை பிரியம். பதினேழாம் வளைவு வந்தால் விசில் ஊதி, டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லி, "எல்லாரும் இடது பக்கம் பாருங்க! சிகாமணி சார் கழுகு!" என்று சத்தமாகச் சொல்வார். என் பெயர் ஞானசிகாமணி, சொல்ல மறந்துவிட்டேன். உடனே வலது பக்கத்து ஆட்கள் எல்லாம் எழுந்து இடது பக்கம் வந்து எட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் பேருந்து முழுக்கச் சிரிப்பு. தேயிலைக் கூடைக்காரி ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இயற்கையைப் பார்த்தால் மனிதனுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அன்றைக்கு டைரியில் எழுதினேன்.

ஜூன் கடைசியில் அந்தப் பெரிய காற்று அடித்தது. மேற்கே கடலில் புயல் சின்னம் என்றார்கள். மூன்று நாள் மின்சாரம் இல்லை. நாலாம் நாள் சேசடிமை என் வீட்டு வாசலில் நிற்கிறார். யூனிஃபார்மோடு, கையில் செல்போன்.

"சார், ஒண்ணு காட்டணும். சோலையாறு அணைக்கிட்ட வண்டி நின்னப்போ எடுத்தது."

பார்த்தேன். சாம்பல் வானம். நடுவில் ஒரு பறவை. மேலே கறுப்பு, கீழே வெள்ளை, வால் இரண்டாகப் பிரிந்திருக்கிறது.

"இது ஆலாவாக்கும் சார்" என்றார். "எங்க கடல்ல, ஆழத்துல கெடக்கப்பட்ட பறவை. கரைக்கே வராது. இங்க வந்துருக்கு பாருங்க."

நான் சிரித்தேன். இப்போது நினைத்தால், அந்தச் சிரிப்பை நான் சிரித்திருக்க வேண்டாம்.

"சேசடிமை, கடல் எங்கே இருக்கு, நாம எங்கே இருக்கோம்? நடுவில நூறு கிலோமீட்டர். மேல மூவாயிரத்தைந்நூறு அடி. ஆலா எதுக்கு மலையேறும்?"

"காத்து தூக்கிட்டு வந்துருக்கும் சார்."

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். பறவை மட்டும் தெரிகிற மாதிரி நாலு ஓரத்தையும் வெட்டினேன். "இதோ பாருங்க. கரிச்சான். இரட்டைவால் குருவின்னு சொல்வாங்களே, அதில வெள்ளை வயிறு உள்ள ஜாதி. மேல கறுப்பு, கீழ வெள்ளை, பிளந்த வால். எல்லாம் பொருந்துது."

"சின்னதுலேருந்து கண்ட பறவை சார்."

"அதான் பிரச்சனையே. உங்களுக்கு எதைப் பாத்தாலும் உங்க ஊர்தான் தெரியுது."

அவர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அடுத்த மாசக் கடைசியில எனக்கு நாகர்கோவிலுக்கு மாத்தல் வருது சார். பட்டியல்ல பேரு வந்தா, அந்தப் புஸ்தகத்த அப்பாகிட்ட காட்டலாம்னு பாத்தேன். மலைக்கு வந்தது நான் மட்டும் இல்லன்னு."

"பட்டியல் என்பது உண்மைக்கு உள்ள இடம், சேசடிமை. பிரியத்துக்கு இல்லை" என்றேன். இங்கிலீஷில் யோசித்துத் தமிழில் சொன்ன வாக்கியம். எனக்கே பிடித்திருந்தது. அன்று குழுவில் போட்டேன்: "ஆலா — நிராகரிக்கப்பட்டது."

அவர் போகும்போது லில்லி காபி கொடுத்தாள். காபியைக் குடித்துவிட்டு, "அக்கா, சார் கழுகு நல்லாருக்கு. நேத்தும் கண்டேன், அங்கதான் இருக்கு" என்றார். லில்லிக்குப் புரையேறிவிட்டது.

ஜூலை இரண்டாம் வாரம். பட்டியல் அச்சுக்குப் போக எட்டு நாள்தான் இருக்கிறது. அட்டையில் என் கழுகு. பெரிய படமாகப் போட வேண்டுமே, அதனால் நல்ல படம் எடுக்கலாம் என்று தொலைநோக்கி, முக்காலி எல்லாம் தூக்கிக்கொண்டு, லில்லியையும் கூட்டிக்கொண்டு பேருந்தில் ஏறினேன். பதினெட்டாம் வளைவு தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. முன்னால் மண் சரிந்து ஒரு மரம் குறுக்கே கிடக்கிறது. சாலைப் பணியாளர்கள் வந்து வெட்ட இரண்டு மணி நேரம் ஆகும் என்றார் சேசடிமை. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். எதிரே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் பாறை. பாறையில் என் கழுகு.

தெய்வச் செயல் என்று நினைத்தேன். முக்காலியை நிறுத்தினேன். மூடுபனி விலகுவதும் மூடுவதுமாக இருந்தது. விலகுகிற நேரத்துக்கு ஒவ்வொருவராக வரச் சொன்னேன். வரிசையில் நின்று பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும், "ஆமா சார், கழுகுதான் சார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார்கள். தோள் மட்டும் ஆடியது. குளிர் என்று நினைத்தேன்.

அதற்குள் பணியாளர்கள் வந்துவிட்டார்கள். ஆணும் பெண்ணுமாக ஆறு பேர். அதில் ஒரு அம்மாள், வெள்ளையம்மா என்று பெயர், கையில் அரிவாளோடு வந்து, "என்ன சாமி, எல்லாரும் பாக்கறீங்க? நானும் பாக்கட்டுமா?" என்றாள்.

"வாங்க, வாங்க. இமயமலையிலேருந்து வந்த விருந்தாளி" என்றேன்.

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்து பார்த்தாள். பிறகு திரும்பி, மரத்தடியில் நின்ற புருஷனைப் பார்த்துக் கத்தினாள்:

"ஏனுங்க! கொங்காணி தொலஞ்சு போச்சு, எவனோ எடுத்துட்டான்னு ஊரையெல்லாம் வஞ்சீங்களே! தா, அந்தப் பாறை மேல தொங்குது பாருங்க!"

கொங்காணி தெரியுமா உங்களுக்கு? சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துவிட்டால் குல்லாய் மாதிரி ஆகும். அதைத் தலையில் மாட்டிக்கொண்டு மழையில் போவோம். தலைக்கு மேலே கூர்மையாக நிற்கும், முதுகில் தொங்கும். இந்த மலையில் மழை பெய்தால் எல்லாரும் அதுதான். நானும் ஐந்தாம் வகுப்பு வரை அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன்.

அந்த ஆள், "அட ஆமா. மே மாசம் ஓடையில அடைப்பு எடுத்தப்போ காயட்டும்னு குச்சியில மாட்டுனேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். பேருந்தே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

சேசடிமைதான் பேசினார். "அக்கா, சார் சொன்ன கழுகு பறந்து போயிருக்கும். நீங்க அது இருந்த எடத்த பாக்கறீங்க."

"அப்பிடியா?" என்றாள் வெள்ளையம்மா, என் முகத்தைப் பார்த்து. "அப்பிடித்தான் இருக்கும் சாமி."

புருஷன் ஓடையில் இறங்கினார். கல் மேல் கல்லாகக் கால் வைத்துப் பாறையில் ஏறினார். நான் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் இமயமலைக் கழுகைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். இரண்டு தடவை உதறினார். தலையில் மாட்டிக்கொண்டார். அதற்குள் பனி மூடிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பனிக்குள்ளிருந்து அது வருகிறது. கூன் முதுகு, கூர்த் தலை, பழுப்பு உடம்பு. ஆடி ஆடி என்னை நோக்கி நடந்து வருகிறது. உள்ளது உள்ளபடி சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்கு அது கழுகாகத்தான் தெரிந்தது.

"பறவையா பாத்த மாதிரி இல்லன்னு சொன்னேன்ல?" என்றாள் லில்லி, காதோரம். "எங்க மாமா வீட்டுக் கொட்டாயில தொங்கும்."

வண்டிக்குள் போய் உட்கார்ந்தேன். சேசடிமை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும் சார்."

"எப்பலேருந்து?"

"மொத நாளே. டெய்லி நாலு நடை போறேன்லா?"

"அப்போ விசில் ஊதினது?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "மழை மாசத்துல பஸ்ஸுல ஏறுறவங்க எல்லாம் மொகத்தத் தூக்கி வச்சிட்டு இருப்பாங்க சார். அந்த வளைவுல மட்டும் சிரிப்பாங்க. தப்புன்னா மன்னிக்கணும்."

"எங்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம். ஆனா நான் சொல்றத நீங்க எடுப்பீங்களா சார்? ஒண்ணு சொன்னேன்லா."

கோபமாகச் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட்டுப் பையிலிருந்து வேர்க்கடலை எடுத்து எனக்கும் லில்லிக்கும் கொடுத்தார்.

கடலையைத் தின்றுவிட்டு, அந்தப் படத்தை மறுபடி காட்டச் சொன்னேன். இந்த முறை வெட்டாமல் முழுசாகப் பார்த்தேன். என் தொழிலில் படத்தின் ஓரத்தை ஒருத்தரும் வெட்ட மாட்டார்கள். ஓரத்தில்தான் இடதா வலதா, அளவு என்ன என்று குறித்திருக்கும். பத்தொன்பது வருஷம் அதைச் செய்தவன், ஒரு கண்டக்டர் எடுத்த படம் என்றதும் இரண்டு விரலால் வெட்டி எறிந்திருக்கிறேன். ஓரத்தில் ஒரு நீர்க்காகம் பறந்துகொண்டிருந்தது. அணையில் எப்போதும் இருக்கிற சின்ன நீர்க்காகம்தான். இரண்டுக்கும் சிறகு ஏறக்குறைய ஒரே நீளம். எந்தக் கரிச்சானும் அவ்வளவு பெரிதாக வளராது.

"சேசடிமை," என்றேன், "இது எங்கே போச்சு அப்புறம்?"

"ரெண்டு நாள் தண்ணிக்கு மேல சுத்திட்டே இருந்துச்சு சார். கீழ எறங்கி வாய வச்சுப் பாத்துச்சு. உப்பு இல்ல போல. மூணாம் நாள் காணல. போயிருக்கும்."

"எந்தப் பக்கம்?"

"டாக்டர் சொல்வாரு" என்றார். நான் எப்போதோ அவரிடம் என் ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லியிருக்கிறேன். லில்லி சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் போஸ்ட்மாஸ்டர் போன் செய்தார். செய்தி எனக்கு முன்னால் மலையேறிவிட்டது. "சிகாமணி, ஒண்ணும் கவலைப்படாதீங்க. நம்ம ரெண்டு பேர்தான் பட்டியலைப் பாக்கறோம். கழுகு வரியை எடுத்துடுவோம், அட்டைக்கு மயில் போட்டுடுவோம். யார் கேக்கப் போறா?" என்றார். நல்ல யோசனைதான். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு வருஷத்தில் மறந்திருப்பார்கள். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

இதோ, பதினெட்டு வந்துவிட்டது. அந்த மைல் கல் பக்கம் பாருங்கள். இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்கள். ஓடை தெரிகிறதா? அதற்கு அந்தப் பக்கம் பாறை. பாறையில் ஒரு குச்சி மட்டும் நிற்கிறது. இந்தப் புது கண்டக்டர் விசில் ஊதுவதில்லை. ஆனால் பாருங்கள், வலது பக்கத்து ஆட்கள் இப்போதும் எழுந்து வருகிறார்கள். உங்கள் காலை மிதித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எட்டாம் நாள் பட்டியலை அச்சுக்கு அனுப்பினேன். நூற்று எண்பத்தொன்றாம் வரியில், "ஆலா. ஒன்று. சோலையாறு அணை. பார்த்தவர்: சேசடிமை, நடத்துநர்" என்று எழுதினேன். நூற்று எண்பத்திரண்டாம் வரியில், "கொங்காணி. ஒன்று. பதினேழாம் வளைவு. பார்த்தவர்: ஞானசிகாமணி" என்று எழுதினேன்.